கிட்டியும் மாவுக்கட்டும்

இரண்டு கட்டைகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். நடுவே ஆளின் விரல்களைக் கொடுத்து மறுமுனையை நெருக்குவார்கள். அதற்குக் கிட்டி என்று பெயர். தீர்வை பாக்கி வைத்த குடியானவனுக்கும் கிட்டி, களவை ஒப்புக்கொள்ளாதவனுக்கும் அதே கிட்டி. அண்ணாந்தாள் என்று இன்னொன்று. ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் விட்டுவிடுவார்கள். முதுகில் கல் ஏற்றுவதும் உண்டு. சென்னை ராஜதானியின் தாலுகா கச்சேரிகளில் இதெல்லாம் நடந்தது என்பதற்குச் சர்க்கார் தன் கையாலேயே எழுதிவைத்த சாட்சியம் இருக்கிறது. 1855-இல் வெளிவந்த சித்திரவதை ஆணையத்தின் அறிக்கை அது.

கீழ்க்கோர்ட்டுகளில் கிரிமினல் வழக்கு நடத்தியே நரைத்தவன் நான். அந்த அறிக்கையை இன்றைய வழக்குக்கட்டு போலத்தான் படிக்கிறேன். ரிமாண்டுக்கு ஆளைக் கொண்டுவருவார்கள். "போலீஸ்காரங்க அடிச்சாங்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்பார். அவன் பின்னால் நிற்கும் ஏட்டையாவை ஒருதரம் பார்த்துவிட்டு, "இல்லீங்கய்யா, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்பான். கையில் மாவுக்கட்டு புதிதாக இருக்கும். சொன்னதை எழுதிக்கொள்வார்கள், அடுத்த வழக்கைக் கூப்பிடுவார்கள்.

கிட்டி எங்கிருந்து வந்தது என்பதைவிட அதைக் கையில் எடுத்தவருக்கு அவ்வளவு அதிகாரம் எப்படிக் கிடைத்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தாமஸ் மன்றோவின் யோசனைப்படி 1816-இல் போலீஸ் அதிகாரம் கலெக்டர் கைக்கும், அவருக்குக் கீழே தாசில்தார் கைக்கும் போனது. வரி வசூலிப்பவரே திருடனைப் பிடிப்பார், விசாரிப்பார். தாசில்தாரின் ஆள் அடித்தான் என்று யாரிடம் முறையிடுவது? தாசில்தாரிடம். அவரே அடித்தால்? கலெக்டரிடம். அந்தக் கலெக்டருக்கோ ஜமாபந்தி நேரத்தில் வசூல் குறையாமல் இருக்க வேண்டும்.

வெளியிலிருந்துதான் இந்த வளையம் உடைந்தது. 1852-இல் சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கிய கஜுலு லட்சுமிநரசு செட்டி விடாமல் மனு அனுப்பினார். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் நேரில் வந்து பார்த்துப் போனார். 1854 ஜூலையில் லண்டனில் கேள்வி எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் என மூன்று பேர் கொண்ட ஆணையம் அமைந்தது. புகார் உள்ளவர்கள் வரலாம் என்று ராஜதானி முழுக்க அறிவித்தார்கள். சில மாதங்களில் 1,959 புகார்கள் குவிந்தன. 519 பேர் நேரில் வந்து சொன்னார்கள். மற்றவர்கள் எழுதி அனுப்பினார்கள். ரயில் இல்லாத அந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கான மைல் கடந்து வந்தவர்களும் இருந்தார்கள். தன்னை அடித்தவனின் மேலதிகாரியிடம் வாய் திறக்காத ஜனம், அந்த வரிசையில் சேராத ஒருவர் கேட்டதும் அத்தனை தூரம் வந்தது. அறிக்கையில் நான் மிகப் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

குறையும் சின்னதல்ல. பழியெல்லாம் உள்ளூர்ச் சிப்பந்திகள் தலையில் விழுந்தது. வெள்ளை அதிகாரிகளை ஆணையம் தப்பவிட்டது. அந்த வசூல் யார் போட்ட இலக்கு என்று அது அழுத்திக் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 1857-இல், கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்தச் சித்திரவதைகளைப் பற்றி எழுதியபோது பொறுப்பு மேலே வரை போகிறது என்பதைத்தான் பிடித்துக்கொண்டார்.

ஆனாலும் பலன் இருந்தது. வருவாயிலிருந்து போலீஸைப் பிரித்து 1859-இல் சென்னை மாகாணத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. 1861-இன் இந்திய போலீஸ் சட்டம் அதன் வழியில் வந்ததுதான். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்ற விதியும் அந்தக் காலத்துச் சட்டங்களில் ஏறி, 1872-இன் சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாக நிலைத்தது. அதன் 27-ஆம் பிரிவில் ஒரு சந்து விட்டார்கள்: அவன் சொல்லி ஏதாவது பொருள் கிடைத்தால் அந்த அளவுக்குச் செல்லும். நான் பார்த்த வழக்குகளில் அடியின் தடயம் பெரும்பாலும் பறிமுதல் மகஜருக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலந்தோறும், மாவட்டந்தோறும் போலீஸ் புகார் ஆணையம் வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை ஏற்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும் மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டரையும் தலைவராக்கி, பக்கத்தில் போலீஸ் அதிகாரிகளையே உட்காரவைத்தது. 1816-இன் வளையம் மறுபடி மூடிக்கொண்டது. 2020-இல் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் காவலில் செத்தபோது உள்ளே நடந்ததை வெளியே கொண்டுவந்தது மாஜிஸ்திரேட்டின் விசாரணையும், அவரிடம் துணிந்து சாட்சி சொன்ன ஒரு பெண் தலைமைக் காவலரும்தான்.

போலீஸ் சீர்திருத்தம் பற்றி ஆய்வு செய்ய வரும் சட்ட மாணவர்கள் கேமரா, பயிற்சி, மென்பொருள் என்று தலைப்பு கேட்கிறார்கள். அவையும் வேண்டும்தான். அதற்கு முன்னால் ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை புகார் வந்தது, எந்தச் சாதிக்காரர், எந்தத் தெருக்காரர் கொடுத்தார், யார் விசாரித்தார், எத்தனை திரும்பப் பெறப்பட்டது, ரிமாண்டு நேரத்து மருத்துவச் சான்றில் என்ன காயம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆர்டிஐ மனு போடுங்கள். கோர்ட்டில் நகல் மனு போடுங்கள். 170 வருஷத்துக்கு முன்னால் மூன்று பேர் சில மாதங்களில் செய்த கணக்கை நம் காலத்துக்கு நீங்கள் எடுத்துக் கொடுங்கள். கலெக்டரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப அந்தக் கணக்கு வேண்டும்.