சோஷியல் வொர்க்கர் மீது புகார் கொடுத்தால் என்ன நடக்கும்? இங்கிலாந்து நடைமுறை - எளிய விளக்கம்

கதவைத் தட்டி ஒருவர் வீட்டுக்குள் வருகிறார். குழந்தையிடம் தனியாகப் பேசுகிறார். வீட்டின் நிலையைக் குறித்துக்கொள்கிறார். அவர் எழுதும் ரிப்போர்ட், அந்தக் குழந்தை பெற்றோருடன் இருக்கலாமா வேண்டாமா என்று நீதிமன்றம் முடிவெடுக்கும்போது முக்கிய ஆதாரமாக நிற்கும். இங்கிலாந்தில் சமூகப் பணியாளர் என்கிற சோஷியல் வொர்க்கருக்கு இருக்கும் பொறுப்பு இது.

சரி, அந்த ரிப்போர்ட்டில் நடக்காததை நடந்ததாக அவர் எழுதிவிட்டால்? ரகசியத்தை வெளியே சொல்லிவிட்டால்? தன்னை நம்பி வந்தவரிடம் எல்லை மீறி நடந்துகொண்டால்? யாரிடம் போவது, போனால் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

யார் விசாரிப்பார்கள்?

'சோஷியல் வொர்க் இங்கிலாந்து' என்ற ஒழுங்குமுறை அமைப்பு. 2019 டிசம்பர் 2 முதல் செயல்பட்டு வருகிறது. இதில் பதிவு செய்யாத யாரும் இங்கிலாந்தில் தன்னை 'சோஷியல் வொர்க்கர்' என்று சொல்லிக்கொள்ள முடியாது. சொன்னால் சட்டப்படி குற்றம். பதிவுப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வடக்கு அயர்லாந்துக்குத் தனித்தனி அமைப்புகள் உள்ளன.

புகார் கொடுக்கும் முன் ஒரு விஷயம்

பலர் ஏமாந்துபோவது இங்கேதான். இந்த அமைப்பு 'குழந்தையைத் திருப்பிக் கொடு' என்று உத்தரவிடாது. ரிப்போர்ட்டை மாற்றாது. நஷ்டஈடும் வாங்கித் தராது. அது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: 'இந்த நபர் தொடர்ந்து இந்த வேலையைப் பார்க்கலாமா?'

எனவே எந்தப் பிரச்சினைக்கு எந்தக் கதவு என்று தெரிந்துகொள்வது நல்லது.

* சேவையில் குறை, போன் எடுப்பதில்லை, தாமதம் என்றால் முதலில் உள்ளூர் கவுன்சிலில் புகார் கொடுக்க வேண்டும். அங்கே கிடைக்கும் பதிலில் திருப்தி இல்லை என்றால் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.
* நீதிமன்ற உத்தரவு தவறு என்று நினைத்தால் நீதிமன்றத்திலேயே மேல்முறையீடு செய்ய வேண்டும்.
* பொய், ஏமாற்று, எல்லை மீறல், ஆபத்தான அலட்சியம் போன்ற கடுமையான நடத்தைக் குற்றச்சாட்டு என்றால் ஒழுங்குமுறை அமைப்பு.

புகார் எப்படி நகரும்?

1. வடிகட்டல்: வரும் எல்லாப் புகாரும் விசாரணைக்குப் போகாது. விசாரிக்கப் போதுமான காரணம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். இல்லையென்றால் புகார் இங்கேயே முடிந்துவிடும். பொதுமக்கள் மட்டுமல்ல, வேலை கொடுத்த நிறுவனமும் புகார் அனுப்பலாம். சமூகப் பணியாளர் தன் மீதான விவகாரத்தைத் தானே தெரிவிப்பதும் உண்டு.

2. விசாரணை: கோப்புகள், சாட்சியங்கள் திரட்டப்படும். புகாரின் விவரம் பொதுவாக அந்தச் சமூகப் பணியாளருக்கும் காட்டப்படும். பதில் சொல்ல அவருக்கு வாய்ப்பு உண்டு.

3. இருவர் பரிசீலனை: ஒருவர் சமூகப் பணியாளர், இன்னொருவர் அந்தத் துறையைச் சேராத பொதுநபர். முழு விசாரணைக்குப் போனால் குற்றச்சாட்டு நிரூபணமாக உண்மையான வாய்ப்பு இருக்கிறதா என்று இவர்கள் பார்ப்பார்கள். சில வழக்குகளில் 'எச்சரிக்கையை ஏற்றுக்கொள்கிறீர்களா?' என்பது போல ஒரு முடிவை முன்வைப்பார்கள். அவர் சம்மதித்தால் நேரடி விசாரணை இல்லாமலேயே வழக்கு முடியும்.

4. நேரடி விசாரணை: குழு முன்பு சாட்சிகள் பேசுவார்கள். பெரும்பாலும் பொதுமக்களும் பார்க்கலாம். உடல்நலம் பற்றிய விஷயங்கள் தனியாகக் கேட்கப்படும்.

இடையில் மக்களுக்கு ஆபத்து என்று தெரிந்தால் முடிவு வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். வேலை செய்யத் தற்காலிகத் தடையோ நிபந்தனையோ விதிக்கலாம். அதிகபட்சம் 18 மாதங்கள். அதற்கு மேல் நீட்டிக்க உயர் நீதிமன்றத்தைத்தான் கேட்க வேண்டும்.

எவ்வளவு ஆதாரம் வேண்டும்?

கிரிமினல் வழக்கு போல 'சந்தேகத்துக்கு இடமின்றி' நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று குழு நம்பினால் போதும். ஆனால் நடந்தது உண்மை என்று நிரூபணமானாலும் தண்டனை உறுதி இல்லை. அது முறைகேடு என்று சொல்லும் அளவுக்குக் கடுமையானதா, 'இன்றைக்கு' அவர் வேலை செய்யத் தகுதியானவரா என்று அடுத்தடுத்து பார்ப்பார்கள். தவறை உணர்ந்து திருத்திக்கொண்டவருக்கும், கடைசிவரை மறுத்துக்கொண்டே இருப்பவருக்கும் முடிவு வேறாகலாம். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இது கசப்பாக இருக்கலாம். ஆனால் பழைய தவறுக்குப் பழிவாங்குவது நோக்கமல்ல, இனி வருபவர்களைக் காப்பதுதான் நோக்கம் என்கிறது சட்டம்.

என்ன நடவடிக்கை?

* நடவடிக்கை இல்லை அல்லது அறிவுரை
* எச்சரிக்கை
* நிபந்தனையுடன் பணி
* இடைநீக்கம், அதிகபட்சம் 3 ஆண்டுகள்
* பதிவிலிருந்து நீக்கம். நீக்கப்பட்டவர் மீண்டும் விண்ணப்பிக்க 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்

முடிவை எதிர்த்து சமூகப் பணியாளர் 28 நாட்களுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். தண்டனை போதாது என்று தோன்றினால், ஒழுங்குமுறை அமைப்புகளைக் கண்காணிக்கும் மேல் அமைப்பும் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் புகார் கொடுத்தவருக்கு இப்படி மேல்முறையீடு செய்யும் நேரடி உரிமை இல்லை.

அமைப்பே தவறு செய்தால்?

அதுவும் நடந்திருக்கிறது. ஒரு பெண் சமூகப் பணியாளர், பாலின அடையாளம் பற்றிய விவாதத்தில் தன் கருத்துகளை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். அவரது ஃபேஸ்புக் நண்பர் ஒருவரே புகார் கொடுத்தார். அமைப்பு முதலில் 1 ஆண்டு எச்சரிக்கை விதித்து, பிறகு அதை விலக்கிக்கொண்டது. அவர் வேலை பார்த்த வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சிலும் அவரை இடைநீக்கம் செய்தது. 2024 ஜனவரியில், கவுன்சிலும் ஒழுங்குமுறை அமைப்பும் அவரைத் துன்புறுத்தியதாக வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. முதல் கட்டத்திலேயே சரியாக வடிகட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம்.

இன்னொரு பெரிய குறை தாமதம். வழக்குகள் முடிய அதிக காலம் ஆவதை மேற்பார்வை அமைப்பும் சுட்டிக்காட்டியிருக்கிறது. புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர் என இரண்டு பக்கமும் இந்தக் காத்திருப்பில் தவிக்கிறார்கள்.

புகார் எழுதும்போது கவனிக்க

'அவர் சரியில்லை' என்று எழுதினால் முதல் கட்டத்தைத் தாண்டுவது கஷ்டம். எந்தத் தேதி, எங்கே, என்ன சொன்னார், என்ன செய்தார், யார் பார்த்தார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். ரிப்போர்ட்டில் பொய் இருக்கிறது என்றால் எந்தப் பக்கம், எந்த வரி, அது ஏன் பொய், அதற்கு என்ன ஆதாரம் என்று காட்டுங்கள். மெசேஜ், இமெயில் எதையும் அழித்துவிடாதீர்கள். விசாரணை நடக்கிறதே என்று நீதிமன்றத் தேதியையோ, மேல்முறையீட்டுக் கெடுவையோ தவறவிடாதீர்கள். அது வேறு கதவு, இது வேறு கதவு.