கடைவாய்ப் பல்லின் சரித்திரம்

மருதனார்மடம் சந்தை விடியுமுன் விழித்துக்கொள்வது. காங்கேசன்துறை வீதியோரம் லொறிகள் வந்து நிற்கும். செம்மண் தோட்டங்களிலிருந்து வெங்காயமும் கத்தரியும் பூசணியும் மூட்டை மூட்டையாய் இறங்கும். அம்மூட்டைகளுக்கு நடுவே சென்ற மாரியில் ஒரு பெண்மணியைக் கண்டேன். நாற்பது வயதிருக்கும். இடது கன்னம் வீங்கியிருந்தது. சேலைத் தலைப்பால் தாடையை இறுகக் கட்டி, கடைவாயில் ஒரு கராம்பை அடக்கியபடி வெங்காயம் தெரிந்துகொண்டிருந்தார்.

"ஆசுப்பத்திரிக்குப் போகேல்லையே, அக்கா?" என்றேன்.

"போனால் இண்டையான் கூலி போயிடும், மாஸ்ரர். பல்லுத்தானே, தானாய் ஆறும்."

வைத்தியம் இலவசம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவருடைய காலைப்பொழுது இலவசமன்று. அரசாங்க வைத்தியசாலையில் பல்லைக் காட்ட ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. எனினும் வரிசையில் நிற்கும் அரைநாளின் விலையை அவரே கொடுக்க வேண்டியிருக்கிறது. 'பல்லுத்தானே' என்ற அந்தச் சொல் என்னை வெகுநாள் உறுத்தியது. கால் முறிந்தால் எவரும் 'காலுத்தானே' என்று சொல்வதில்லை. பல் மட்டும் உடம்பின் மற்ற உறுப்புகளிலிருந்து எப்போது, எவ்வாறு பிரிக்கப்பட்டது? இக்கேள்விக்குச் சரித்திரத்திலேதான் விடை தேட வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பல்வலி உயிரைக் கொல்லாது என்பது வசதியுள்ளோரின் நம்பிக்கை. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லின் வேரில் பிடித்த சீழ், தாடைக்கு அடியில் இறங்கி, நாவின் கீழுள்ள தசைகளை வீங்கச் செய்து, ஈற்றில் மூச்சுக் குழலையே அடைத்துவிடக்கூடும். 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மானிய வைத்தியர் இந்நோயை விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. 2007-ஆம் ஆண்டில், உலகிலேயே செல்வம் மிகுந்த அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், 12 வயதுச் சிறுவன் ஒருவன் சொத்தைப் பல்லின் சீழ் மூளைக்கு ஏறி மாண்டான். அந்தப் பல்லைப் பிடுங்க ஏறத்தாழ 80 டொலர் செலவாகியிருக்கும் என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. அதே மேரிலாந்தின் பால்டிமோர் நகரில்தான் 1840-இல் உலகின் முதலாவது பல்வைத்தியக் கல்லூரி நிறுவப்பட்டது.

அக்கல்லூரி பல்வைத்தியத்தைச் சாத்திரமாக்கியது உண்மை. அதற்குமுன் ஐரோப்பாவில் பல் பிடுங்கியோர் நாவிதரும் கொல்லரும் திருவிழாச் சந்தைகளில் திரிந்த வித்தைக்காரருமே. ஆயின் மருத்துவக் கல்லூரிக்கு வெளியே தனிக் கல்லூரி, தனிப் பட்டம், தனித் தொழில் என்று எழுந்த இந்த ஏற்பாட்டின் விலையை ஏழைகளே கொடுத்தனர். பிற்காலத்தில் காப்புறுதித் திட்டங்கள் வகுக்கப்பட்டபோது, வைத்தியம் ஒரு கணக்கிலும் பல் வேறொரு கணக்கிலும் சேர்க்கப்பட்டன. அமெரிக்காவில் 1965-இல் முதியோருக்கென அரசு தொடங்கிய மருத்துவக் காப்புறுதி சாதாரணப் பல்வைத்தியத்தை ஏற்கவேயில்லை.

இதில் இன்னுமொரு விந்தை உண்டு. நோவின்றி அறுவை செய்யும் வழியை உலகத்துக்குக் காட்டியவரே ஒரு பல்வைத்தியர். 1846 ஒக்டோபர் 16-ஆம் நாள் பொஸ்டன் வைத்தியசாலையில் ஈதரின் ஆற்றலை மெய்ப்பித்துக் காட்டியவர் மோர்ட்டன் என்னும் பல்வைத்தியர். மற்றெல்லா உறுப்புக்கும் நோவாற்றும் வழி சொன்ன தொழில், தன் வாயிலிலேயே காசில்லாதவரைத் திருப்பி அனுப்பிற்று!

அந்த ஈதர் நிகழ்ச்சிக்கு மறு ஆண்டே, சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற இளம் வைத்தியர் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மருதனார்மடத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்திலுள்ள மானிப்பாயில் 1848 முதல் வைத்தியமும் வைத்தியக் கல்வியும் நடத்தினார். மதப் பிரசாரமே அவரை அனுப்பியவர்களின் நோக்கம். அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் செய்த காரியம் அந்நோக்கத்தைத் தாண்டிப் போயிற்று. நோயாளி தன் வலியைத் தமிழில் சொல்கிறான். வைத்தியன் மட்டும் ஏன் ஆங்கிலத்தில் கற்க வேண்டும்? 1860-களில் அவர் வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் ஆகிய துறை நூல்கள் தமிழாகின. 60-க்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்று வெளியேறினர். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் தமிழ்வழி கற்றோர். 1873-இல் அவர் தாயகம் திரும்பினார். அவருக்குப் பின் அத்தமிழ் வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. தமிழ் கற்றுத் தமிழ் கற்பிக்கும் எனக்கு இவ்விழப்பு வேறெதனையும்விடப் பெரிதாய்த் தோன்றுகிறது. இன்றும் பல்வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்து கிடக்கும் நம் கிழவிக்கு, தன் வாயில் என்ன செய்யப்படுகிறதென்பதைத் தன் மொழியில் கேட்டறியும் வாய்ப்பு எத்தனை தடவை கிட்டுகிறது?

கிறீனுடைய காலத்தில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் இன்னொரு முயற்சியும் நடந்தது. 1850-இல் அரசாங்க அதிபர் டைக் முன்னின்று, 'இடருதவும் நண்பர்' சங்கத்தின் பெயரால் ஒரு வைத்தியசாலையை அமைத்தார். ஊரவரின் சந்தாவும் அரசாங்க உதவியும் அதனைத் தாங்கின. கிறீனிடம் பயின்றோர் அங்கு பணிபுரிந்தனர். ஊரும் மிசனும் அரசும் கைகோத்த அந்த வைத்தியசாலையே இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாக வளர்ந்து நிற்கிறது. 1898-இல் நமது அயலூரான இணுவிலில் பெண்களுக்கென எழுந்த மக்லியொட் வைத்தியசாலைக்கு, லீச் சகோதரிகள் கடல் கடந்து வீடுவீடாய்ப் பணம் திரட்டினார்கள். இவையெல்லாம் பெரும் காரியங்கள். ஆனால் தர்மத்துக்கு ஓர் எல்லை உண்டு: கொடுப்பவன் மனம் மாறினால் கட்டில் காலியாகும். வாங்குபவனோ கேட்கும் உரிமையின்றி, தலைகுனிந்து நன்றி சொல்லக் கடமைப்பட்டவனாகிறான். அவன் எந்தச் சாதியினன் என்பதும் வாசலிலேயே அறியப்பட்டுவிடும்.

இந்த எல்லையைக் கடக்க நம்மவர் கண்ட வழி கூட்டுறவு. 1930-களின் நடுப்பகுதியில் மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை உருவாயிற்று. பங்குதாரனே நோயாளி, நோயாளியே முதலாளி. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் சங்கம் கண்ட குடாநாடு நோய்க்கும் ஒரு சங்கம் கண்டது.

அதே தசாப்தத்தில் தெற்கிலே வேறொரு பாடம் நடந்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் பல்லாயிரவர் மாண்டபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். 1935 இறுதியில் லங்கா சமசமாசக் கட்சி பிறந்தபோது அதன் முன்னணியில் நின்றவர்கள் அவர்களே. 1931-இல் கிடைத்த சர்வசன வாக்குரிமையும் இந்த அழுத்தமும் சேர்ந்து, வைத்தியம் பிச்சையன்று, உரிமை என்ற நிலையை உருவாக்கின. 1951-இல் இலங்கை அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது.

அந்த ஆண்டை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். அதே 1951 ஏப்ரலில், பிரித்தானியாவில் தொழிற் கட்சி அரசாங்கமே பொய்ப்பற்களுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தது. ஆயுதச் செலவுக்குப் பணம் வேண்டுமாம். 1948-இல் தேசிய சுகாதார சேவையை உருவாக்கிய அனூரின் பெவன், பல்லுக்கு விலை வைத்த மந்திரி சபையில் இருக்க மாட்டேனென்று பதவியைத் துறந்து வெளியேறினார். முன்னாள் எசமான நாடு பல்லுக்கு விலை வைத்த ஆண்டில், விடுதலை பெற்று மூன்றே ஆண்டான ஏழை நாடு வைத்தியத்தின் விலையை நீக்கிற்று. நமது பாடப் புத்தகங்களில் இந்த ஒப்பீட்டை நான் எங்கும் கண்டதில்லை.

அவ்வாறாயின் சந்தையில் கண்ட அந்தப் பெண்மணி ஏன் கராம்பை அடக்கிக்கொண்டிருந்தார்? இலவச வைத்தியத்துக்குள்ளும் பல் கடைசி இடத்தையே பெற்றது. 1943-இல்தான் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பல்வைத்தியப் பட்டப் படிப்பு இடம்பெற்றது. அது பின்னர் பேராதனைக்குச் சென்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு 1978-இல் மருத்துவ பீடம் கிடைத்தது. பல்வைத்திய பீடம் கிடைக்கவில்லை. 1950-களில் நியூசிலாந்தின் உதவியுடன் மகரகமையில் பாடசாலைப் பல்தாதியரைப் பயிற்றத் தொடங்கினர். நியூசிலாந்து இம்முறையை 1921-இல் கண்டது. முதல் உலக யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது இளைஞரின் பற்கள் இருந்த கேடு அந்நாட்டை விழிக்கச் செய்திருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு அத்திட்டம் செய்த நன்மை அளப்பரிது. ஆனால் 13 வயதோடு அதன் கை நின்றுவிடுகிறது. நான் படிப்பிக்கும் பாடசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிவந்த தாய் ஒருத்தி, "என்ரையையும் ஒருக்காப் பாருங்கோ, பிள்ளை" என்று வாயைத் திறந்து காட்டியதையும், தாதி தரையைப் பார்த்ததையும் நான் கண்டிருக்கிறேன். சட்டம் அவருக்கு அனுமதி தரவில்லை. மாணவரின் பல் நாட்டின் சொத்து. தாயின் பல் அவளுடைய சொந்த விவகாரம்!

வளர்ந்தவருக்கு மிஞ்சுவது பிடுங்கல். சொத்தையை அடைக்க ஓய்வும் திரும்பத் திரும்ப வருகையும் தேவை. தனியாரிடம் போனால் பல நாட் கூலி போகும். ஆகவே வலி பொறுக்க முடியாத நாளில் வந்து பல்லைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு வர்க்கத்தாரை அவருடைய வாயைக் கொண்டே இனங்காணலாம். இதன்மேல் வெற்றிலையும் புகையிலையும் சேர்கின்றன. குனிந்து நிற்கும் நீண்ட பகலில் பசியையும் களைப்பையும் அடக்கும் மலிவான மருந்து அது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாய்க் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். தொடக்கத்தில் நோவற்ற வெள்ளைத் தழும்பாய்த் தோன்றும் அதனைக் கண்டுபிடிக்க வேண்டியவர் பல்லைப் பார்ப்பவரே; பல்லைப் பார்ப்பவரிடம் போகாதவருக்கு நோய் முற்றிய பின்னரே தெரியவரும். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011-இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சிங்களவரும் தமிழரும் ஒன்றாய் நடந்து நிதி திரட்டினர். அந்த நடையை நான் மதிக்கிறேன். அதில் பத்திலொரு பங்கு முயற்சியையேனும் வாய் பரிசோதனைக்குச் செலவிட்டால் அக்கட்டில்கள் சில வெறுமையாயிருக்கும்.

யுத்த காலத்துப் பல்வலியைப் பற்றி எவரும் எழுதவில்லை. பொருளாதாரத் தடையில் மருந்துகள் அருகி, செஞ்சிலுவைக் கப்பலை நோக்கி நோயாளிகள் காத்திருந்த நாட்களில் பல்லைப் பற்றி யார் பேசுவார்? எங்கள் அப்பு தன் பல்லைத் தானே நூல் கட்டி இழுத்த கதையை வீட்டில் சிரித்துச் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. பின்னர் 2022-இல் டொலர் வற்றியபோது மருந்துத் தட்டுப்பாடு மறுபடியும் வந்தது. வைத்தியர்கள் பலர் கடல் கடந்தனர்.

இந்தச் சூழலில் அயலூர்ச் சனசமூக நிலையம் ஒன்று செய்ததைக் குறிப்பிட வேண்டும். ஞாயிறுதோறும் பின்னேரம், சந்தை ஓய்ந்தபின், வாசிகசாலை மண்டபத்தில் பல் பார்த்தார்கள். பல்வைத்தியர் இருவர் தம் ஓய்வுநாளைக் கொடுத்தனர்; விறைப்பு மருந்துக்கும் கையுறைக்கும் கூட்டுறவுச் சங்கம் பணம் கொடுத்தது; உயர்தர வகுப்பு மாணவர் பெயர் பதிந்து இலக்கம் கொடுத்தனர். ஆயுதங்களை அமுக்க நீராவியில் 121 பாகையில் கால் மணி நேரம் வைத்தே மறு வாய்க்குள் விடவேண்டும். அந்தக் கருவி ஒன்றே ஒன்று இருந்தமையால் ஒரு பின்னேரத்தில் இருபது பேருக்கு மேல் பார்க்க முடியவில்லை. அடைக்கும் வசதி இல்லை. வீக்கமும் காய்ச்சலும் உள்ளவர்களை அன்றே பெரியாசுப்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினார்கள். எட்டாவது ஞாயிறோடு கையிருப்பு தீர்ந்தது. அரசாங்கக் கிளினிக்கைக் கிழமையில் ஒருநாள் மாலையிலும் திறக்கும்படி பிரதேச சபைக்கும் சுகாதாரத் திணைக்களத்துக்கும் அவர்கள் மகசர் எழுதினர். சந்தைத் தொழிலாளர் முந்நூற்றுச் சொச்சம் பேர் அதில் ஒப்பமிட்டனர். கைநாட்டு வைத்தோரும் உண்டு.

அப்பெண்மணி ஐந்தாவது ஞாயிறு வந்தார். விறைப்பு ஊசி ஏறியதும் அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் வாங்கில் இருந்தார். பல் எடுத்தபின் பஞ்சைக் கடித்தபடியே என்னைப் பார்த்துச் சைகையால் கேட்டார்: அந்த மகசரில் எங்கே ஒப்பமிட வேண்டும் என்று.