சுண்ணம், நீறு, சாக்பீஸ்

பெண்ணாடம் என்றதும் இலக்கிய அன்பர்களுக்கு மெய்கண்டாரும் தூங்கானைமாடத் திருக்கோயிலும் நினைவுக்கு வருவர். வகுப்பறையில் நாள்தோறும் தேய்ந்து மறையும் சாக்பீஸின் வரலாற்றைத் தேடப் புகுந்த நமக்கும் இவ்வூரும் இதன் சுற்றுப்புறமுமே வழிகாட்டின.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். 'சாக்' என்பது இலத்தீன் மொழியின் 'கால்க்ஸ்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. அது சுண்ணாம்பைக் குறித்தது. ஹம்ப்ரி டேவி 1808-இல் பிரித்தெடுத்த தனிமத்துக்குக் 'கால்சியம்' என்று பெயரிட்டதும் இந்த வேரைக் கொண்டே. ஆனால் உரோமர் வெண்மண்ணுக்கு வழங்கிய சொல் 'கிரேட்டா'. அதனையொட்டி 1822-இல் நிலவியலார் ஒரு பாறைக் காலத்துக்குக் 'கிரெட்டேசியஸ்' என்று பெயரிட்டனர். ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது. பெண்ணாடத்திலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை தொடும் அரியலூர், அக்காலத்துக் கடற்படிவுகளால் உலகப் புகழ் பெற்றது. இன்று சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுப்பது அந்தப் பழங்கடலின் சுண்ணாம்புக்கல்லைத்தான்.

பள்ளியில் நாம் பிடிக்கும் சாக்பீஸோ பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் அன்று, ஜிப்சம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியின் களிமண் படிவுகளில் ஜிப்சம் இழையிழையாக ஓடுகிறது. ஜிப்சத்தைச் சூடாக்கி நீரின் பெரும்பகுதியைப் போக்கினால் பாரிஸ் சாந்து கிடைக்கும். அதை நீரில் குழைத்து அச்சில் ஊற்றி உலர்த்தினால் சாக்பீஸ். பெண்ணாடத்துக்கு அண்டையிலுள்ள விருத்தாசலம் செராமிக் பொருள்களுக்குப் பேர்போன ஊர். செராமிக் தொழிலில் களிமண் கூழை வார்க்கும் அச்சுகளும் இதே சாந்தினால் ஆனவையே. கூழிலுள்ள நீரை அச்சு உறிஞ்ச, பொம்மை உருப்பெறுகிறது. பொம்மையின் அச்சும் கரும்பலகையின் எழுதுகோலும் உடன்பிறப்புகள் எனலாம். தையற்காரர் துணியில் கோடிடும் கட்டி பெரும்பாலும் மாக்கல் இனம். வீட்டு மூலையில் கிழிக்கும் எறும்பு சாக்பீஸில் பூச்சிமருந்து கலந்திருக்கிறது. பொருள் பலவாயினும் பெயர் ஒன்றே.

தமிழில் நிலைமை நேர்மாறு. இங்கே பொருள் ஒன்று, பெயர் பல. அகராதிகள் சீமைச்சுண்ணாம்பு என்கின்றன, ஈழத்தமிழர் வெண்கட்டி என்பர், பாடநூலில் சுண்ணக்கட்டி, நாவில் சாக்பீஸ். இவற்றுள் சுண்ணக்கட்டியை வலிந்து புனைந்த சொல் என்று நகைப்போர் உண்டு. ஆனால் சுண்ணம் என்றால் பொடி. சங்க நூல்களில் அது நறுமணப் பொடி. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம் அப்பொடியை இடிக்கும் மகளிரின் பாட்டாக அமைந்தது. பொடியை இறுக்கிய கட்டி சுண்ணக்கட்டி. அது ஜிப்சமாயினும் சுண்ணாம்பாயினும் பெயர் பொய்ப்பதில்லை. வடமொழிச் 'சூர்ண'த்தோடு இச்சொல்லுக்கு உறவு காட்டுவர். அதனால் குறையொன்றுமில்லை, 'சாக்' என்பதும் ஆங்கிலத்துக்கு இரவல்தானே!

நீறு என்னும் சொல்லும் இவ்வாறே சாம்பலையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் குறிக்கும். அப்பர் அடிகளைப் பல்லவ மன்னன் ஏழு நாள் நீற்றறையில் அடைத்ததாகப் பெரியபுராணம் கூறும். நீற்றறை என்பது சுண்ணாம்புக் காளவாய். அதிலிருந்தும் பிற துன்பங்களிலிருந்தும் மீண்டவர், பின்னர்த் தம் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பெற்றது இந்தப் பெண்ணாடத்தில்.

இவற்றை வகுப்பில் சொல்லும்போது ஒன்று புலனாகிறது. பொற்சுண்ணம் என்றால் மாணவர் வெற்றிலைச் சுண்ணாம்பை நினைக்கின்றனர். நீற்றறை என்றால் விபூதி வைக்கும் அறையோ என்கின்றனர். குறை அவர்களிடம் இல்லை; அச்சொற்களை நாம் அன்றாடப் பேச்சிலிருந்து அகற்றிவிட்டோம். கரும்பலகை இருந்த இடத்தில் வெண்பலகையும் மின்திரையும் ஏறிவருகின்றன. பொருள் மறைந்தால் சாக்பீஸ் என்ற சொல்லும் மறையும். அதனால் இழப்பு பெரிதில்லை. சுண்ணம் மறைந்தால் ஒரு பழம்பாடலின் வாயில் அடைபடும். கட்டி கையில் இருக்கும் வரையிலாவது அதனைச் சுண்ணக்கட்டி என்று சொல்லிப் பழகுவோம்.