கோப்பிக்கு வைத்த தரம்

கென்யாக் கோப்பிப் பையில் 'ஏஏ' என்றிருந்தால் அது ருசிக்குக் குடுத்த புள்ளியில்லை. கொட்டையின் பருமன்தான், சுமார் 7 மில்லிமீற்றர் துளையுள்ள அரிதட்டில் விழாமல் நிற்பது. குவாத்தமாலாவிலோ உயரம்தான் கணக்கு: ஏறக்குறைய 4,500 அடிக்கு மேல், குளிரில் மெள்ள முற்றிய கொட்டைக்கே முதலிடம்.

19ஆம் நூற்றாண்டில் எங்கட இலங்கையில் பிரித்த விதத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேணும். 'தோட்டக் கோப்பி', 'நாட்டுக் கோப்பி' என்று இரண்டு. வெள்ளைக்காரத் துரைமாரின் தோட்டங்களில் பழத்தோல் நீக்கி, புளிக்கவிட்டுக் கழுவியது முதலாவது. கிராமத்தவர் வீட்டு வளவில் பறித்துக் காயவைத்தது மற்றது, விலையும் குறைவு.

அந்தத் தோட்டக் கோப்பியை ஆய்ந்தவை, தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்து வந்த சனம். வாந்திபேதியில் வழியிலேயே செத்தவை கனபேர். 1869இல் இலைத்துரு நோய் கண்டது. இருபது வருசத்துக்குள் கோப்பி படுத்துப்போய்த் தேயிலை வந்தது. கொழுந்து கிள்ளவும் அதே சனம்தான்.