ராவுத்தர்

உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியின் பெயரைக் கம்பம் பள்ளத்தாக்கில் அறியாதவர் இல்லை. அதிலுள்ள ‘ராவுத்தர்’ என்ற சொல்லுக்குக் குதிரைவீரர் என்பதே பழம்பொருள். வடமொழி ‘ராஜபுத்ர’, பிராகிருதத்தில் ‘ராவுத்த’ எனத் தேய்ந்தது என்பர். கன்னடத்தில் ‘ராவுத’, தெலுங்கில் ‘ராவுது’. இரண்டுமே குதிரைப்படையாளைத்தான் குறிக்கும்.

தமிழில் இச்சொல் பெற்ற உயர்வு எனக்குப் பெருவியப்பு. 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் மயிலேறும் முருகனையே ராவுத்தன் என்று விளிக்கிறார். ஊர்தி மயிலானாலும், வேலேந்திப் பாய்பவனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அவருக்குத் தோன்றவில்லை போலும். குதிரை வணிகத்திலும் படையிலும் பேர்பெற்ற தமிழ் முஸ்லிம்களுக்கு இதுவே சமூகப் பெயராய் நிலைத்தது. அவர்கள் திருமணங்களில் மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் வரும் வழக்கமும் இருந்தது.

‘சவாரிக்காரர்’ என்றால் ஏறிச் செல்பவர் மட்டுமே. ராவுத்தர் என்றால் ஏற்றத்தோடு ஆயுதமும் சேர்ந்துவிடுகிறது. அமெரிக்காவில் இன்று கௌபாய் உடையணிந்து, ஓடும் குதிரைமேலிருந்து வெற்றுத் தோட்டாவின் தீப்பொறியால் பத்துப் பலூன்களை உடைக்கும் போட்டி நடக்கிறது. ஒரு கையில் கடிவாளம், மறுகையில் சுழல்துப்பாக்கி. அந்த வீரர்களையும் ராவுத்தர் என்றே தமிழில் அழைக்கலாம்.