ரொபட் நொக்ஸ் வந்து சேர்ந்த ஆற்றங்கரையில் ஒரு காலை ஓட்டம்



பாடசாலை மரதன் ஓட்டத்துக்குப் பாதை பார்க்கப் போன சனிக்கிழமை போயிருந்தோம். நானும் உயர்தரப் பிள்ளைகள் ஆறு பேரும். சுபஹ் தொழுதுவிட்டுச் சிலாவத்துறையில் கூடி, வடக்கே அரிப்புக்கு ஓடி, அருவியாற்றுப் பாலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். போக வரப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஓடினேன் என்று எழுதினாலும் பாதித் தூரம் நடைதான். பிள்ளைகள் கொமன்ட்டில் வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

பாலத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது ஒருவன் கேட்டான்: "சேர், இந்த ஆறு எங்க இருந்து வருது?"

புத்தளத்தில் பிறந்து, கைப்பிள்ளையாக ஊருக்கு வந்தவன் அவன். ரொபட் நொக்ஸ் என்றால் யார் என்று கேட்டால் டக்கென்று சொல்வான். ஆனால் அந்த நொக்ஸ் தப்பி வந்து சேர்ந்தது நமது அரிப்புக்குத்தான், அதுவும் இந்த ஆற்றோரமாகத்தான் என்பது அவனுக்குத் தெரியாது. குற்றம் அவனுடையதல்ல. அவனுக்கு வரலாறு படிப்பிப்பவன் நான். அதனால்தான் இந்தப் பதிவு.

அருவியாறு 164 கிலோமீற்றர் நீளம். இலங்கையில் மகாவலிக்கு அடுத்த நீளமான ஆறு. சிங்களத்தில் மல்வத்து ஓயா. அநுராதபுரத்தைத் தொட்டுக்கொண்டு வடமேற்கே காட்டுக்குள் இறங்கி, நம் பக்கத்தில் கடலில் விழுகிறது. அநுராதபுரம் தலைநகராக இருந்த காலத்தில் அதன் துறைமுகம் மாந்தை. ஆகவே இந்த ஆற்றுப் பக்கம் ஆயிரம் வருடத்துக்கு மேலாக ஆள் நடமாட்டம் கண்ட இடம். நொக்ஸ் வந்த காலத்தில் எல்லாம் காடாகிவிட்டது. ஆனாலும் வழியில் செதுக்கிய கற்தூண்கள் நிற்பதையும், இடிந்த கற்பாலங்களையும் பார்த்ததாக அவர் எழுதி வைத்திருக்கிறார்.

1660இல் கொட்டியாரக் குடாவில், நமது மூதூர்ப் பக்கத்தில், கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டபோது நொக்ஸுக்கு வயது 19. கூடவே பிடிபட்ட தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடனுக்குக் கொடுத்தார், பிறகு ஊர் ஊராகச் சாமான் விற்கும் வியாபாரியானார். மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான். அந்த வியாபாரத்தைச் சாட்டித்தான் வடக்கே போகும் வழிகளையெல்லாம் பல வருடங்களாக அறிந்து வைத்துக்கொண்டார். 1679 செப்டம்பரில் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு புறப்பட்டார்.

அநுராதபுரம் வரை வியாபாரிகளாக நடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அதற்கு மேல் நடிக்க முடியாது. காவல். ஆகவே ஒக்டோபர் 12ஆம் திகதி இரவு ஆற்றங்கரையைப் பிடித்தார்கள். ஆறு எப்படியும் கடலில் போய்த்தானே விழும்! காட்டு முள்ளுக்குப் பயந்து மான்தோல் வாங்கிச் செருப்புக்கென்று வைத்துக்கொண்டார்கள். நமது பிள்ளைகள் "சப்பாத்து சரியில்லை சேர்" என்று சாட்டுச் சொல்லும்போது இதைத்தான் நினைத்துக்கொள்வேன். கரையில் முள் அடர்ந்த இடங்களில் ஆற்று மணலில் இறங்கி நடந்தார்கள். முதலை, யானை எல்லாம் இருந்தது. இருந்தும் அவர்கள் கூடுதலாகப் பயந்தது மனிதர்களுக்கு. வன்னிக்காரர் பிடித்தாலும் கண்டிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். ஆறு நாள். ஒக்டோபர் 18, சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணிபோல அரிப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது கோட்டை ஒல்லாந்தர் கையில். பத்தொன்பது வருடச் சிறை அந்த வாசலில் முடிந்தது. 1681இல் லண்டனில் அவர் வெளியிட்ட புத்தகம் இன்றைக்கும் கண்டி இராச்சியத்தைப் படிப்பவர்கள் தொடாமல் விட முடியாதது.

அந்தக் கோட்டையின் மிச்சம் இப்போதும் நிற்கிறது. சின்னக் கோட்டைதான். "இவ்வளவு தானா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நொக்ஸுக்கு அது போதுமானதாக இருந்தது என்றேன்.

அரிப்புக் கடற்கரையில் இன்னொன்று இருக்கிறது. நாங்கள் சின்ன வயதில் "அல்லிராணி கோட்டை" என்று சொல்லிப் பழகிய இடம். அல்லிராணி இருந்தாள், அர்ச்சுனன் வந்தான் என்று கதை கதையாகக் கேட்டிருக்கிறோம். கதையை நான் கெடுக்க விரும்பவில்லை. ஆனால் பரீட்சையில் எழுத வேண்டியது வேறு. அது பிரெடெரிக் நோர்த், அதாவது 1798 முதல் 1805 வரை இருந்த முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி, முத்துக்குளிப்பைப் பார்க்க வந்து தங்குவதற்குக் கட்டிய மாளிகை. கிரேக்கக் கோயில்களில் இருக்கும் டொரிக் தூண்களைப் போலத் தூண் வைத்துக் கட்டியதால் டொரிக் மாளிகை. செங்கல்லின் மேல் சிப்பிச் சுண்ணாம்புச் சாந்து. கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை அரித்துக்கொண்டு வருகிறது. நான் சின்ன வயதில் ஏறி விளையாடிய சுவர்த் துண்டு ஒன்றை இப்போது காணவில்லை.

ஒரு தேசாதிபதி இங்கே வந்து வீடு கட்டியதற்குக் காரணம் எதிரே கடலுக்கடியில் இருந்த முத்துப் பார்கள். குளிப்புக் காலம் வந்தால் வெறும் மணலில் ஒரு பட்டணமே முளைக்கும். காயல்பட்டினம், கீழக்கரையிலிருந்து மரைக்காயர்கள், அரபு நாட்டிலிருந்து சுழியோடிகள், நமது ஆட்கள், பரதவர்கள். காலில் கல்லைக் கட்டி இறங்குவார்கள். சுறா வராமல் மந்திரிக்கக் "கடல் கட்டி" என்று ஒருவர் கூட அரசாங்கச் சம்பளத்தில் இருந்தார். அள்ளும் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. மூச்சடக்கியவனுக்கு ஒன்று, மாடியில் இருந்து பார்த்தவனுக்கு இரண்டு! 1906இல் மறிச்சுக்கட்டிக் குளிப்பில் வேலை பார்த்த இளம் உத்தியோகத்தர்தான் பிற்காலத்தில் பேர்பெற்ற எழுத்தாளர் லெனாட் வூல்ப். அடுத்த வருடத்தோடு சிப்பி அற்றுப்போகத் தொடங்கிவிட்டது. பட்டணம் போய்விட்டது. நமது கிராமங்கள் மிஞ்சின.

அந்தக் கிராமங்களும் ஒரு ஒக்டோபரில் வெறுமையாயின. 1990. நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மூத்தம்மாவின் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெற்கே நடந்தேன். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்து வாப்பா எங்களுக்கு ஊரைச் சொல்லிக் கொடுப்பார். எந்தத் திருப்பத்தில் எந்த மருதமரம், எந்த மோட்டைக்கு என்ன பேர், கோடையில் ஆற்றை எந்தத் துறையால் வண்டில் கடக்கும் என்றெல்லாம். நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. பதினாறு வயது. கோபம். திரும்பி வந்தபோது ஊர் காடாகக் கிடந்தது. கிணற்றை வைத்துத்தான் எங்கள் வளவையே கண்டுபிடித்தோம். வாப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை.

அன்று பாலத்தில் ஆறு எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டேன். அடுத்ததாக அவன் கேட்டதுக்குத்தான் பதில் இல்லை. "பாலத்துக்கு முந்தி நம்மட ஆக்கள் எதால சேர் கடந்தது?"

திரும்பும்போது கோட்டைக்குப் பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த அரிப்புப் பெரியவர் ஒருவர் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். என்னை உற்றுப் பார்த்து, யாருடைய மகன் என்று கேட்டார். சொன்னேன். தையலை வைத்துவிட்டு எழும்பி நின்றார். "வாத்தியார், உங்கட வாப்பாட வண்டில நான் எத்தின தரம் ஆத்தைக் கடந்திருப்பன்! இடம் தெரியாதா? வாங்க, காட்டுறன்" என்றார்.

அன்று வெயில் ஏறிவிட்டது, பிள்ளைகளை வீட்டில் விடவேண்டும் என்று வந்துவிட்டோம். வருகிற சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கோட்டையடியில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் கொப்பி பென்சிலோடு வருகிறார்கள். முசலிப் பக்கத்துப் பெரியவர்கள் யாருக்காவது துறை, மோட்டை, குளம், திருப்பம் இவற்றின் பழைய பேர்கள் ஞாபகம் இருந்தால் தயவுசெய்து வாருங்கள். ஓடத் தேவையில்லை, மோட்டார் சைக்கிளில் வந்தால் போதும். வர முடியாதவர்கள் கீழே எழுதுங்கள். எழுத முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

பெற்றோருக்கு ஒன்று: ஆற்றுக்குள் யாரையும் இறங்க விடமாட்டேன். நொக்ஸ் சொன்ன முதலை இன்னும் இருக்கிறது.