பொறுத்தார் பூமி ஆண்ட காலம்

2017 டிசம்பரில், வெளிநாட்டில் இருந்த கல்லூரி நண்பன் ஒருவன் என்னிடம் வாங்கிய சின்னக் கடனை பிட்காயினாகத் திருப்பி அனுப்பினான். என் வாலட்டில் உடனே தொகை தெரிந்தது. பக்கத்திலேயே ‘உறுதியாகவில்லை’ என்றொரு குறிப்பு.

“மச்சான், வந்துடுச்சா?”

“வந்த மாதிரிதான் இருக்கு. ஆனா வரல.”

ஒரு வாரம் இதே பேச்சு. ஏதோ மென்பொருள் பிழை என்றுதான் அன்று நினைத்தேன். பிறகு பிட்காயின் மென்பொருளின் பழைய வெளியீட்டுக் குறிப்புகளை வரிசையாகப் படித்தபோதுதான், அது பிழையல்ல, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் நடந்த ஆட்சி மாற்றம் என்று புரிந்தது.

‘அனுப்பு’ என்று அழுத்தியதும் பணம் எங்கும் போய்விடுவதில்லை. நாம் கையொப்பமிட்ட ஒரு செய்தியை வாலட் வலையமைப்பில் இருக்கும் கணினிகளுக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு கணினியும் அதைத் தன் மெம்பூலில், அதாவது காத்திருப்புப் பட்டியலில், வைத்துக்கொள்கிறது. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ ஒரு மைனர் அந்தப் பட்டியலிலிருந்து தனக்கு வேண்டியதைப் பொறுக்கி ஒரு பிளாக்கில் ஏற்றுகிறார். ஏறினால்தான் உறுதி. ஒரு பிளாக் 1 மெகாபைட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை 2010இல் சதோஷி நகமோட்டோ சேர்த்தார். பஸ்ஸில் இருக்கைகள் அத்தனைதான், கூட்டம் மட்டும் கூடிக்கொண்டே போகும்.

முதல் சில வருடங்கள் பஸ் காலியாகவே ஓடியது. அப்போது ஒரு விதி இருந்தது. எனக்கு அதன் மேல் இன்றும் ஒரு பிரியம் உண்டு. அனுப்பும் காசின் மதிப்பை அதன் வயதால் பெருக்கி, பரிவர்த்தனையின் அளவால் வகுத்து, ‘முன்னுரிமை’ என்று ஓர் எண் கணக்கிடுவார்கள். ஒரு பிட்காயின், ஒரு நாள் அசையாமல் கிடந்து, 250 பைட் அளவில் வந்தால் கட்டணமே வேண்டாம். அரை பிட்காயினா? இரண்டு நாள் பொறு. ஒரே காசை உருட்டி உருட்டி வலையமைப்பை அடைக்க நினைப்பவரைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அதன் விளைவு, காத்திருப்புக்கும் ஒரு விலைமதிப்பு இருந்தது. பிளாக்கில் கொஞ்சம் இடத்தை இப்படிப்பட்ட பழைய காசுகளுக்கென்றே ஒதுக்கியும் வைத்திருந்தார்கள்.

மற்றவர்களுக்கு வாலட்டே ஒரு கட்டணத்தைப் போட்டுவிடும். தொடக்கத்தில் 0.01 பிட்காயின், 2011இல் 0.0005, 2013இல் 0.0001. பிட்காயின் விலை ஏற ஏற இந்த எண்ணை இறக்கினார்கள். தபால்தலை மாதிரி, ஒட்டிவிட்டால் கடிதம் போய்விடும் என்று எல்லோரும் நம்பினோம்.

2015இல் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அந்த வருடம் பிப்ரவரியில் வந்த 0.10 பதிப்பிலேயே வாலட் கட்டணத்தைக் கணிக்கத் தொடங்கியிருந்தது. எவ்வளவு கொடுத்தவர் எத்தனை பிளாக் காத்திருந்தார் என்று பார்த்து, வானிலை அறிக்கை போல ஒரு மதிப்பீடு சொல்லும். கோடையில் சிலர் வேண்டுமென்றே பரிவர்த்தனைகளைக் கொட்டியதில் மெம்பூல்கள் வீங்கின. 2016 பிப்ரவரியில் வந்த 0.12 பதிப்பு மூன்று காரியங்களைச் செய்தது. மெம்பூலுக்கு 300 மெகாபைட் எல்லை வைத்தது. நிரம்பினால், குறைந்த கட்டணக்காரர் முதலில் வெளியே. சிக்கிய பரிவர்த்தனையைக் கட்டணம் கூட்டி மாற்றி அனுப்பும் ஆர்பிஎஃப் வசதியைக் கொடுத்தது. பழைய காசுக்கென்று ஒதுக்கிய இடத்தைப் பூஜ்யமாக்கியது. ஆகஸ்டில் வந்த 0.13இல் பணம் பெறுபவருக்கும் ஒரு வழி பிறந்தது. உறுதியாகாத அந்தப் பணத்தையே அதிகக் கட்டணத்தோடு மேலே செலவு செய்தால், பிள்ளைக்காகத் தாயையும் மைனர் பஸ்ஸில் ஏற்றிக்கொள்வார்.

ஆர்பிஎஃப் வந்தபோது பெரிய சண்டை நடந்தது. உறுதியாகும் முன்பே பொருளைக் கொடுத்துவந்த வணிகர்கள், இது ஏமாற்றுக்காரனுக்கு வசதி என்றார்கள். அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் உறுதியாகாத பணம் அதற்கு முன்னும் வெறும் வாக்குதான். வாலட் அதைப் பணம் போலக் காட்டிவந்தது.

சதோஷியின் 2008 கட்டுரை எதைக் குறையாகச் சொல்லித் தொடங்குகிறது என்று நினைக்கிறீர்கள்? இடைத்தரகர் செலவால் சின்னச் சின்னப் பரிவர்த்தனைகள் சாத்தியமில்லாமல் போகின்றன என்பதை. 2017 டிசம்பர் 6 அன்று, விளையாட்டு மென்பொருள் விற்கும் ஸ்டீம், பிட்காயினை ஏற்பதை நிறுத்தியது. தொடங்கியபோது சுமார் 20 சென்ட்டாக இருந்த கட்டணம் 20 டாலரைத் தொட்டுவிட்டது என்று காரணம் சொன்னது. கட்டணம் தொகைக்கு அல்ல, பைட்டுக்கு. கோடி ரூபாயும் நூறு ரூபாயும் ஒரே இருக்கைக்குத்தான் ஏலம் கேட்கின்றன. சில்லறையாகச் சேர்ந்த பணம் என்றால் பைட் கூடும், கட்டணமும் கூடும்.

பழைய விதியைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அதிலும் நிறைய வைத்திருந்தவருக்கே முன்னுரிமை. கட்டணம் தராதவரை ஏற்ற மைனருக்குப் பெரிய காரணமும் இல்லை. ஆனாலும் ஏழைக்கு அதில் காத்திருப்பு என்றொரு நாணயம் இருந்தது. காசின் வயதைக் கணக்கிடும் நிரல் 2017 செப்டம்பரில், 0.15 பதிப்பில், முழுவதுமாக நீக்கப்பட்டது. எங்கள் டிசம்பருக்கு மூன்றே மாதம் முன்பு.

நண்பன் அனுப்பியது கடைசிவரை எந்த பிளாக்கிலும் ஏறவில்லை. இரண்டு வாரம் கழித்து மெம்பூல்கள் அதை மறந்துபோயின. “பணம் திரும்பி வந்துடுச்சுடா” என்றான். உண்மையில் அது அவனை விட்டு எங்கும் போகவே இல்லை. இன்றைய வாலட்கள் வேகம், மிதம், மெதுவா என்று கேட்கின்றன. ‘மெது’வை அழுத்தும்போதெல்லாம் எனக்கு அந்த வாரம்தான் ஞாபகம் வரும். இப்போது காத்திருப்பதால் வரிசையில் நாம் ஓரடிகூட முன்னே போவதில்லை. மற்றவர்கள் கலைந்து போகட்டும் என்று நின்றுகொண்டிருக்கிறோம்.